ஒரு தெற்கத்திக் கவுண்டி எப்படிப் பிறந்தது? ஜார்ஜியாவின் கரோல் கவுண்டியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகர் அட்லாண்டாவிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் கரோல் கவுண்டி வந்துவிடும். கவுண்டி என்றால் மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. சிவப்பு மண், பைன் மரங்கள், மேய்ச்சல் நிலம், சாலையோரத்தில் சின்னச் சின்ன தேவாலயங்கள். பெரும்பாலானோர் அலபாமா போகிற வழியில் நிற்காமல் கடந்துபோகிற இடம். எனக்கு இந்த நிலத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. அமெரிக்கத் தெற்கில் கிராமப்புறக் கவுண்டிகள் எப்படி உருவாயின என்பதை ஒரே இடத்தில் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

உள்ளூர் வரலாறு என்று தேடினால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கிடைக்கும். இந்த ஆண்டு உருவானது, இன்னார் பெயரை வைத்தார்கள், முதலில் குடியேறியவர்கள் இன்னின்னார். இந்த வரிசையில் போனால் அதற்கு முன்னால் அங்கே இருந்தவர்களும், குடியேறியவர்கள் தங்களோடு கட்டாயப்படுத்திக் கொண்டுவந்த மனிதர்களும் கதைக்குள் வரவே மாட்டார்கள். அதனால் ஆட்களை விட்டுவிட்டு நிலத்தைப் பிடியுங்கள். நிலம் யார் கையில் இருந்தது, எப்படிக் கை மாறியது, எப்படித் துண்டு போட்டார்கள், அதில் யார் உழைத்தார்கள் என்ற வரிசையில் தேடினால் எல்லோரும் வந்துவிடுவார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. ஜார்ஜியாவின் வேறு கவுண்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: எந்த ஆண்டில் எல்லை எங்கே இருந்தது?

இதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். நான் ஒருமுறை இதைத் தவிர்த்துவிட்டு, ஒரு நீதிமன்றப் பதிவறையில் முழு நாளும் ஒரு குடும்பத்தின் பத்திரத்தைத் தேடினேன். அந்த நிலம் அந்த ஆண்டில் வேறு கவுண்டியில் இருந்தது என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

கரோல் கவுண்டி 1826 டிசம்பரில் உருவானது. அப்போது அது இன்றைய அளவைவிட மிகப் பெரியது. தென்கிழக்கில் சட்டஹூச்சி ஆறு, மேற்கில் அலபாமா எல்லை, வடக்கில் செரோகி மக்களின் நாடு. அப்புறம் அதிலிருந்து துண்டு துண்டாகப் பிரிந்துபோயின. 1828-ல் கேம்ப்பெல் கவுண்டிக்கு ஒரு பகுதி போனது. 1830 டிசம்பரில் ஹெர்ட், 1856-ல் ஹாரல்சன், 1870-ல் டக்ளஸ் ஆகியவை பிறந்தபோதும் கரோலிலிருந்து நிலம் போனது. ஆகவே ஒரு குடும்பம் 1850 மக்கள்தொகைக் கணக்கில் கரோலிலும் 1860-ல் ஹாரல்சனிலும் இருந்தால், அவர்கள் இடம் பெயர்ந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். வீடு அதே இடத்தில் இருக்க, கோடு மட்டும் நகர்ந்திருக்கலாம். ஹெர்ட் கவுண்டியின் பழைய பத்திரங்களில் ‘முதலில் கரோல், இப்போது ஹெர்ட்’ என்ற மாதிரி வாசகம் வருவது இதனால்தான்.

ஒரு தாளில் ஆண்டுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த ஆண்டின் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிவரை அந்தத் தாள் கூடவே இருக்கட்டும்.

பெயரையும் இங்கேயே முடித்துவிடலாம். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் மேரிலாந்தின் சார்லஸ் கரோலும் ஒருவர். 1826 ஜூலை 4 அன்று ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் இருவரும் ஒரே நாளில் இறந்தார்கள். கையெழுத்திட்டவர்களில் அப்போது உயிரோடு மிஞ்சியவர் கரோல் மட்டும்தான். ஐந்து மாதம் கழித்து உருவான கவுண்டிக்கு அவர் பெயரையும், பிறகு அதன் தலைநகருக்கு அவருடைய பண்ணையான கரோல்டனின் பெயரையும் வைத்தார்கள். அவர் அந்த ஊர்க்காரர் இல்லை. பெயரை வைத்து உள்ளூர் தொடர்பு தேடிப் பயனில்லை.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

இங்கே நிதானமாக இருங்கள். மொத்தக் கதையின் வேர் இதில்தான் இருக்கிறது.

இந்த நிலம் மஸ்கோகி மக்களுடையது. வெள்ளையர் அவர்களை க்ரீக் என்று அழைத்தார்கள். சட்டஹூச்சி, டல்லபூசா என்ற ஆற்றுப் பெயர்கள் அவர்கள் விட்டுச்சென்றவை. ஜார்ஜியா மாநிலத்துக்கு இந்த நிலத்தின் மேல் வெகு நாளாகக் கண். 1802-ல் ஜார்ஜியா தன் மேற்குப் பகுதியை, அதாவது இன்றைய அலபாமா, மிசிசிப்பியின் பெரும்பகுதியை, மத்திய அரசுக்கு விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு 12.5 லட்சம் டாலர் தருவதாகவும், ஜார்ஜியாவுக்குள் மிச்சமிருக்கும் பூர்வகுடி நிலங்களை வாங்கிக் கொடுப்பதாகவும் மத்திய அரசு வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கைக் காட்டித்தான் ஜார்ஜியா அடுத்த கால் நூற்றாண்டு நெருக்கிக்கொண்டே இருந்தது.

1825 பிப்ரவரி 12 அன்று இந்தியன் ஸ்ப்ரிங்ஸ் என்ற ஊரில் வில்லியம் மக்கின்டோஷ் என்ற தலைவரும் அவரைச் சேர்ந்த சிலரும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஜார்ஜியாவில் மிச்சமிருந்த மஸ்கோகி நிலம் அதோடு போயிற்று. மக்கின்டோஷின் தாய் மஸ்கோகி, தந்தை ஸ்காட்லாந்து வழியினர். ஜார்ஜியா ஆளுநர் ஜார்ஜ் ட்ரூப் அவருக்கு உறவுக்காரர். மஸ்கோகி தேசிய சபையோ, சபையின் சம்மதம் இல்லாமல் நிலத்தை விற்பவனுக்கு மரண தண்டனை என்று முன்பே சட்டம் செய்திருந்தது. கையெழுத்திடாத தலைவர்கள்தான் அதிகம். ஒப்போத்லி யஹோலா என்பவர் அந்த இடத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார்.

1825 ஏப்ரல் 30 விடியும் நேரத்தில், சட்டஹூச்சிக் கரையில் இருந்த மக்கின்டோஷின் வீட்டை மெனாவா என்ற தலைவரின் ஆட்கள் சூழ்ந்து தீ வைத்தார்கள். மக்கின்டோஷ் கொல்லப்பட்டார். இந்த இருவருக்கும் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 1814-ல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் மெனாவா ஆண்ட்ரூ ஜாக்சனை எதிர்த்துப் போரிட்டார். மக்கின்டோஷ் ஜாக்சன் பக்கம் நின்றார். ஆனால் 1825-ல் நடந்ததை வெறும் பழிவாங்கலாகப் படிக்கக் கூடாது என்பது என் கருத்து. மஸ்கோகி கண்ணோட்டத்தில் அது சபையின் தீர்ப்பை நிறைவேற்றியது. அந்த வீடு இருந்த இடம் இன்றைய கரோல் கவுண்டிக்குள் இருக்கிறது. கவுண்டி பிறப்பதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்னால் நடந்த இந்த நிகழ்விலிருந்துதான் அதன் வரலாற்றைத் தொடங்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். மஸ்கோகி தூதுக்குழு வாஷிங்டன் போய் வாதாடியது. குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அரசு பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்து, 1826 ஜனவரியில் புதிய ஒப்பந்தம் போட்டது. செனட் ஒப்புக்கொண்ட ஒரு ஒப்பந்தத்தை இப்படி ரத்து செய்வது மிக அபூர்வம். ஆனால் நடைமுறையில் மஸ்கோகி மக்களுக்கு மிஞ்சியது ஜார்ஜியாவின் மேற்கு ஓரத்தில் ஒரு துண்டு நிலம்தான். ஆளுநர் ட்ரூப் அதையும் ஒப்புக்கொள்ளாமல், ரத்தான பழைய ஒப்பந்தத்தின்படியே அளவையாளர்களை அனுப்பினார். மத்திய அரசும் மாநில அரசும் கிட்டத்தட்ட மோதும் நிலைக்கு வந்தன. 1827 நவம்பரில் அந்தத் துண்டும் போனது. அலபாமாவுக்குத் தள்ளப்பட்ட மக்களை 1836-ல் அங்கிருந்தும் இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள்.

மூன்றாம் படி: சர்வே கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இது பலருக்குச் சலிப்பான இடம். எனக்கு இதுதான் மிகப் பிடித்த இடம். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் இன்றைய வீட்டுப் பத்திரத்தையே 1827 வரைக்கும் பின்னோக்கிப் படிக்கலாம்.

அளவையாளர்கள் 66 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலியால் அளந்தார்கள். 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். முதலில் நிலத்தைப் பக்கத்துக்கு 9 மைல் உள்ள சதுர வட்டாரங்களாகப் பிரித்தார்கள். 9 மைல் என்பது 720 சங்கிலி. அதை 16-ஆல் வகுத்தால் 45. ஆக ஒவ்வொரு வட்டாரத்துக்குள்ளும் பக்கத்துக்கு 45 சங்கிலி உள்ள 256 சதுரங்கள். 45-ஐ 45-ஆல் பெருக்கினால் 2,025 சதுரச் சங்கிலி, அதாவது 202.5 ஏக்கர். ஜார்ஜியாவின் பழைய பத்திரங்களில் இந்த விநோதமான 202.5 திரும்பத் திரும்ப வருவதன் ரகசியம் இதுதான். அந்தச் சதுரத்துக்கு லேண்ட் லாட் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு.

இன்றும் கரோல் கவுண்டியில் ஒரு வீட்டுப் பத்திரத்தை எடுத்தால் லேண்ட் லாட் எண்ணும் வட்டார எண்ணும் இருக்கும். அந்த இரண்டு எண்கள்தான் உங்கள் கையில் இருக்கும் சாவி.

எண் போட்ட முறையில் ஒரு பொறி இருக்கிறது. பல வட்டாரங்களில் எண்கள் பாம்பு ஊர்வது போலப் போகும். ஒரு வரிசையில் மேலே போய், அடுத்த வரிசையில் கீழே இறங்கும். அதனால் 16-க்கும் 17-க்கும் மட்டுமல்ல, 1-க்கும் 32-க்கும்கூட வேலி பொதுவாக இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து யார் யாருக்குப் பக்கத்து நிலம் என்று முடிவு செய்யாமல் வட்டார வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்.

அந்த வரைபடங்களில் ஓடைகளும், லாட்டின் மூலைகளில் நின்ற மரங்களும் குறிக்கப்பட்டிருக்கும். மரத்தை விட்டுவிடாதீர்கள். ஓக்கும் ஹிக்கரியும் நின்றால் நல்ல மண், பைன் மட்டும் நின்றால் மெலிந்த மண் என்று அந்தக் கால விவசாயிகள் கணக்குப் போட்டார்கள். எந்த லாட்டுக்கு முதலில் ஆள் வந்திருக்கும் என்பதற்கு இது நல்ல தடயம். ஆறு குறுக்கே வெட்டியதால் முழுச் சதுரமாக அமையாத துண்டுகளைத் தனியாக ஏலம் விட்டார்கள். ஆற்றங்கரை வண்டல் மண் அதில்தான் இருக்கும். பணம் உள்ளவர்கள் அங்கே எப்படிச் சேர்ந்தார்கள் என்பதற்கு அந்த ஏலப் பதிவுகளைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கோட்டைத் தாண்டி அலபாமாவுக்குள் போய்விட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மத்திய அரசின் சர்வே, 640 ஏக்கர் செக்‌ஷன்கள். வடக்கே 1832-ல் குலுக்கலுக்கு விட்ட செரோகி நிலத்தில் 160 ஏக்கர் லாட், தங்கம் இருக்கும் என்று நினைத்த இடத்தில் 40 ஏக்கர் லாட்.

நான்காம் படி: குலுக்கல் பட்டியல்

ஜார்ஜியா தன் நிலத்தைக் குலுக்கல் சீட்டில் கொடுத்தது. ஆம், பீப்பாயிலிருந்து சீட்டு எடுத்து! 1795-ல் யாசூ நில ஊழலில் சட்டமன்ற உறுப்பினர்கள் லஞ்சம் வாங்கிக்கொண்டு கோடிக்கணக்கான ஏக்கரை அடிமாட்டு விலைக்கு விற்றதில் மக்கள் கொதித்துப்போயிருந்தார்கள். குலுக்கல் என்றால் யாரும் யாருக்கும் லஞ்சம் கொடுக்க வழியில்லை என்று 1805 முதல் இந்த முறையைப் பிடித்துக்கொண்டார்கள். கரோல் நிலத்துக்கான குலுக்கல் 1827-ல், அன்றைய மாநிலத் தலைநகரான மில்லெட்ஜ்வில்லில் நடந்தது.

மூன்று ஆண்டு ஜார்ஜியாவில் வசித்த வெள்ளையர்களுக்கு மட்டும் சீட்டு. திருமணம் ஆகாத ஆணுக்கு ஒன்று, குடும்பஸ்தனுக்கு இரண்டு, விதவைக்கு ஒன்று. விடுதலைப் போரில் சண்டையிட்டவர்களுக்குக் கூடுதலாக இரண்டு. வென்றவர் 18 டாலர் கட்டினால் பட்டா கிடைக்கும். அப்போது மத்திய அரசு நிலத்துக்கு ஏக்கர் 1.25 டாலர் குறைந்தபட்ச விலை. இங்கே ஏக்கருக்கு 9 சென்ட்கூட ஆகவில்லை.

புதிதாகத் தேடுபவர்கள் அதிகம் தவறு செய்வது இந்த இடத்தில்தான். குலுக்கலில் வென்றவர் குடியேறியவர் என்று நினைத்துவிடுகிறார்கள். வென்றவர்களில் பலர் அந்தப் பக்கமே வரவில்லை. சீட்டை அப்படியே தரகரிடமோ அக்கம்பக்கத்தாரிடமோ விற்றுவிட்டார்கள். பட்டியலில் வென்றவரின் அன்றைய கவுண்டியும் மிலிஷியா கேப்டன் வட்டாரமும் (ஊர்க்காவல் படைக்காகப் பிரித்த சிறு பகுதி, சர்வே வட்டாரம் வேறு) இருக்கும். அது அவர் எங்கே வாழ்ந்தார் என்பதைத்தான் சொல்லும். பட்டா யார் பெயரில், எந்த ஆண்டில் போனது என்பதைத் தனியாகப் பாருங்கள். அதன் பிறகு முதல் விற்பனைப் பத்திரம். அதற்குப் பிறகு வரி ஏடு. மூன்றும் ஒத்துப்போனால்தான் அங்கே ஒருவர் உழுதார் என்று சொல்லலாம்.

ஐந்தாம் படி: கவுண்டி ஏடுகள்

பத்திரங்கள் கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட் என்ற நீதிமன்றத்தின் எழுத்தரிடம். உயில், சொத்துப் பட்டியல், அநாதைப் பிள்ளைகளின் காப்பாளர் பதிவு எல்லாம் இப்போது புரோபேட் கோர்ட் என்ற உயில் நீதிமன்றத்தில். சாலை போடுவது, ஏழைகளுக்கு உதவி போன்ற அன்றாட நிர்வாகத்தை 1868 வரை இன்ஃபீரியர் கோர்ட் என்ற அமைப்பு பார்த்தது. பழைய பிரதிகள் பலவும் மோரோ நகரில் உள்ள ஜார்ஜியா ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் நான் முதலில் கேட்பது வரி ஏடுதான். அது மிலிஷியா வட்டார வாரியாக இருக்கும். ஒருவருக்கு எத்தனை ஏக்கர், எந்த ஓடையை ஒட்டி, எத்தனை அடிமைகள் என்று வருடா வருடம் சொல்லும். மக்கள்தொகைக் கணக்கு பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது.

கரோலின் ஆரம்ப ஆண்டுகள் ஒழுங்கானவை அல்ல. செரோகி எல்லையை ஒட்டிய காட்டில் குதிரைத் திருடர் கூட்டம் ஒன்று இருந்தது. போனி கிளப் என்று பெயர். செரோகி மக்களின் குதிரைகளும் மாடுகளும் அவர்கள் கையில் போயின. அவர்களை அடக்க ஊர்க்காரர்கள் ஸ்லிக்ஸ் என்ற பெயரில் தாங்களே கூட்டம் சேர்த்தார்கள். வடக்கே வில்லா ரிக்கா பக்கம் தங்கம் கிடைத்ததும் அதைத் தேடி வருகிற கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஊர்ப் பெயரே ஸ்பானிய மொழியில் ‘செல்வ ஊர்’ என்ற பொருளில் வைத்ததுதான்.

ஆறாம் படி: மக்கள்தொகைக் கணக்கு

1830-ல் கரோலில் 3,419 பேர். அதில் பிறகு ஹெர்ட் ஆகிப்போன பகுதியின் ஆட்களும் அடக்கம், ஏனென்றால் கணக்கெடுப்பு ஜூன் மாதம், பிரிவினை டிசம்பர். 1860-ல் 11,991. 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் வயது வாரியாக எண்கள். 1850 முதல் சுதந்திர மனிதர்கள் எல்லோர் பெயரும், பிறந்த மாநிலமும் வரும். ஒரு வீட்டுப் பிள்ளைகள் பிறந்த மாநிலங்களை மூத்தவர் முதல் இளையவர் வரை வரிசையாகப் படித்தால், அந்தக் குடும்பம் வந்த பாதை அப்படியே தெரியும். மூத்தவன் தென் கரோலினாவில், நடுப்பிள்ளை கிழக்கு ஜார்ஜியாவில், கடைசிக் குழந்தை இங்கே என்று. 1890 கணக்கைத் தேடாதீர்கள், 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் அநேகமாக எல்லாம் போய்விட்டது.

ஏழாம் படி: பெயர் எழுதப்படாதவர்கள்

இந்தப் படியைத் தனிப் பகுதியாகக் கடைசியில் ஒட்டும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் இதற்குத் தேவையான கருவிகள் மேலே சொன்ன எல்லாவற்றிலிருந்தும் வருவதால் இங்கே வைக்கிறேன்.

1860-ல் ஜார்ஜியா மாநிலத்தில் நூற்றுக்கு 44 பேர் அடிமைகள். கரோல் மேட்டு நிலக் கவுண்டி, சிறு விவசாயிகள் அதிகம், அதனால் இங்கே அந்த விகிதம் மிகவும் குறைவு. இதை வைத்து ‘இங்கே அடிமை முறை பெரிதாக இல்லை’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. பெரிய பண்ணையில் நூறு பேரோடு இருந்தவருக்குச் சொந்தம் பந்தம் பக்கத்திலேயே இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு மூன்று பேரை மட்டும் வைத்திருந்த வீட்டில் கணவன் ஒரு வீட்டிலும் மனைவி இன்னொரு வீட்டிலும் இருந்தார்கள். உரிமையாளர் இறந்தால் அந்த இரண்டு மூன்று பேரும் வாரிசுகளுக்குள் பிரிந்துபோனார்கள்.

1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். பெயர்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. உயில்களிலும் இறந்தவர் சொத்துப் பட்டியல்களிலும், மாடு, கலப்பை, படுக்கைக்கு நடுவே, விலையோடு ஒரு பெண்ணின் பெயரும் அவள் குழந்தையின் பெயரும் வரும். முதல்முறை அப்படி ஒரு பக்கத்தைப் படித்தபோது நான் ஏட்டை மூடிவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் திரும்பிப் போய் ஒவ்வொரு பெயரையும் எழுதிக்கொண்டேன். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தேவாலயங்களின் கூட்டக் குறிப்புகள். அடிமைகளும் அதே சபையில் உறுப்பினர்களாக இருந்தார்கள், ‘இன்னாருக்குச் சொந்தமான இன்னாள்’ என்று பதிவாகியிருப்பார்கள். அந்தக் குறிப்புகள் வேறு ஒன்றுக்கும் உதவும். ஊர் விட்டு ஊர் போகிற உறுப்பினர் பழைய சபையிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்து புதிய சபையில் கொடுப்பார். எந்தச் சபையின் கடிதம் என்று பார்த்தால், அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியும்.

பிறகு, அடிமை முறை ஒழிந்த பின் வந்த 1867-க்குத் தாவுங்கள். அந்த ஆண்டு 21 வயது நிறைந்த ஆண்களை, வெள்ளையர் கறுப்பர் இருவரையும், வாக்காளர்களாகப் பதிவு செய்தார்கள். விடுதலையான ஆண்களின் முழுப்பெயரை நீங்கள் முதன்முதலில் பார்க்கும் இடம் பல சமயம் இதுவாகத்தான் இருக்கும். மூன்று ஆண்டு கழித்து, 1870 மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத்தோடு வருவார்கள். சொத்துப் பட்டியலில் எழுதிக்கொண்ட முதற்பெயர்களையும் வயதுகளையும் இந்த இரண்டோடும் ஒப்பிடுங்கள். குடும்பப் பெயர் பழைய உரிமையாளருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள், பலர் வேறு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எட்டாம் படி: நிலத்துக்குப் போங்கள்

குளிர்காலத்தில் போவது நல்லது. இலை உதிர்ந்திருக்கும், தரை தெரியும், பாம்பு குறைவு. தனியார் நிலம் என்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

பழைய கல்லறைத் தோட்டங்களில் பெயர் செதுக்கிய கற்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கிழக்கு மேற்காக நீண்ட பள்ளங்கள், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்டு வைத்த வெறும் கருங்கல், அதுவும் கல்லறைதான். காட்டுக்கு நடுவே தரையோடு படர்ந்து நீலப் பூ பூக்கிற வின்கா கொடி தெரிந்தால் கவனமாக நடங்கள். நம் ஊர் நித்தியகல்யாணியின் குடும்பம்தான் அது. கல்லறைகளின் மேல் நட்டு வளர்த்தது, ஆள் போன பிறகும் அங்கேயே இருக்கும்.

மக்கின்டோஷின் இடம் இப்போது கவுண்டிப் பூங்கா. அவர் கல்லறை அங்கே இருக்கிறது, சட்டஹூச்சி பக்கத்திலேயே ஓடுகிறது. ஒரு லேண்ட் லாட்டை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, உங்கள் குறிப்புகளை வரிசைப்படுத்த அந்த ஆற்றங்கரையில் உட்காருங்கள். தாளின் முதல் வரியில் மஸ்கோகி என்று எழுதுங்கள். இரண்டாவது வரி 1825 ஒப்பந்தம், மூன்றாவது சர்வே, நான்காவது 1827-ல் சீட்டு விழுந்தவர், ஐந்தாவது உண்மையில் வந்து உழுதவர். அவருடைய சொத்துப் பட்டியலில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி, எதிரே 1870-க்கு இடம் விடுங்கள். அந்த இடங்களை நிரப்பத்தான் அடுத்த முறை பதிவறைக்குப் போக வேண்டும்.